போனக்காட்டில் ஒரு மெக்சிக வெள்ளி

பொன்னையும் வெள்ளியையும் மாற்றுரைத்துக் காணும் கலை தமிழர்க்குப் புதியதன்று. சங்கப் புலவர் நிரலில் ‘வண்ணக்கன்’ என்னும் அடை பெற்ற பெயர்களைக் காண்கிறோம். வடம வண்ணக்கன் தாமோதரனார் அவர்களுள் ஒருவர். வண்ணக்கன் என்பான் காசின் நன்மை தீமையை ஆய்ந்து கூறுவோன். நாணயத்தை உரைத்தவரே பாவையும் நெய்தார் என்று எண்ணுகையில் நமக்கு ஒருவகைப் பெருமிதம் தோன்றுகிறது. எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே கட்டுரை எழுத முனைவோர்க்கு அது சிறிது ஆறுதலும் ஆகும்.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஈந்த பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதென்றும், மணி பதித்த அணிகள் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டனவென்றும் அக்கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. எந்த அணியில் எத்தனை முத்து, எத்தனை பவளம், அவற்றுள் எவை பழுதுற்றவை என்பது வரை ஆங்கே எழுத்தில் உள்ளது. கோயிலின் அணிக்குக் கல்வெட்டு உண்டு. குடியானவன் வீட்டு அணிக்கு என்ன உண்டு? உரைகல்லும் தராசும் ஆசாரியின் சொல்லுமே உண்டு. அந்த அணி எப்போது செய்தது, யார் செய்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்பவற்றை அந்த வெள்ளியே சொன்னால்தான் உண்டு.

அவ்வாறு சொன்ன ஒரு மாலையைப் பற்றியே இக்கட்டுரை.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக மலையேறும் பேருந்து இறுதியாக நிற்கும் இடம் போனக்காடு. அகத்தியர்கூடத்துக்கு நடந்து செல்வோர் அங்கிருந்தே புறப்படுவர். பொதிய மலை என்று நம் இலக்கியம் போற்றும் அத்தொடரின் மேற்குச் சரிவில் வெள்ளையர் காலத்தில் தேயிலைத் தோட்டம் எழுந்தது. தோட்டத்தில் உழைக்கத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்து லயங்களில் குடியேறின. தோட்டம் முடங்கியபின் இளையோர் கீழே இறங்கிவிட்டனர். முதியோர் சிலர் ஓட்டை விழுந்த லயங்களிலேயே தங்கிவிட்டனர். பொதிய மலையின் கிழக்குச் சரிவிலிருந்து வந்தவர்கள் மேற்குச் சரிவில் நான்கு தலைமுறை கழித்தும், ‘பாண்டிக்காரர்’ என்றே அழைக்கப்படுவது வேறு கதை.

அங்கு ஒரு லயத்தில் எண்பது வயது கடந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். நம் அலுவலக நண்பர் ஒருவரின் உறவினர். பேத்தியின் செவிலியர் படிப்புக்குப் பணம் வேண்டி, வீட்டிலிருந்த வெள்ளியை விற்க முடிவு செய்திருந்தார்கள். கீழே ஒரு பழைய வெள்ளிக் கடையில் காட்டியபோது, ‘‘ரூபாய்க் காசெல்லாம் பாதி வெள்ளிதான், உருக்கித்தான் எடுக்க வேண்டும்’’ என்று சொல்லி மிகக் குறைந்த விலை கூறியிருக்கிறார்கள். கோப்புகளின் முத்திரையைப் பார்த்தே ஆண்டு சொல்லும் பழக்கம் நமக்கு இருப்பதை அறிந்த நண்பர், ‘‘ஒருமுறை வந்து பாருங்கள்’’ என்றார். சென்றோம்.

ஆச்சி துணிமுடிப்பை அவிழ்த்துப் பாயில் பரப்பினார். ஒரு சோடிக் கொலுசு, ஒரு குழந்தையின் அரைஞாண், ஒரு காசுமாலை. மாலையில் விளிம்பில் வளையம் பற்றவைத்த 13 வெள்ளி ரூபாய்கள் இருந்தன. நடுவில் பதக்கமாக அவற்றினும் பெரிய காசு ஒன்று தொங்கியது. ‘‘இது சூரியக் காசு ஐயா. எங்க அம்மை கலியாணத்துக்குப் போட்டது. அவுக அப்பா பினாங்கிலே இருந்து கொண்டாந்தது’’ என்றார் ஆச்சி.

முதலில் ரூபாய்களைப் பார்ப்போம்.

கிழக்கிந்தியக் கும்பினி 1835-இல் நாடு முழுமைக்கும் ஒரே ரூபாயை வகுத்தது. எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இந்த எடையே ஒரு தோலா என்று கணக்கில் நின்றது. ஆகவே நம் ஆசாரிமார்க்கு ரூபாய் பணமாகவும் படிக்கல்லாகவும் பயன்பட்டது. உருக்கினால் தரம் அறிந்த வெள்ளியாகவும் பயன்பட்டது. ‘பத்து ரூபாய்த் தண்டை’ என்றால் பத்து ரூபாயை உருக்கி அடித்த தண்டை என்று பொருள்பட்ட காலம் அது.

ரூபாயின் முகத்தைக் கொண்டு காலத்தைப் பிரிப்பது எளிது. 1840 என்ற ஆண்டு தாங்கி முடியில்லாத இளம் விக்டோரியாவின் தலை இருந்தால் அது கும்பினி ரூபாய். 1862 முதல் முடி சூடிய ‘விக்டோரியா அரசி’ வருகிறார். இந்த இரண்டிலும் ஒரு சூது உண்டு: ஆண்டை மாற்றாமலே பல ஆண்டுகள் அச்சடித்தனர். எனவே 1840 என்பதும் 1862 என்பதும் ‘அந்த ஆண்டு முதல்’ என்றே கொள்ளத்தக்கவை. 1877-இல் அரசி ‘பேரரசி’ ஆனார். காசிலும் அச்சொல் ஏறியது. 1903 முதல் முடியில்லாத ஏழாம் எட்வர்டு. 1911 முதல் முடியும் அங்கியும் தரித்த ஐந்தாம் சார்சு. இவருடைய முதல் ரூபாயில் அங்கியின் மேல் தொங்கும் விருதுச் சங்கிலியில் இருந்த யானை, பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றிபோல் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே துதிக்கையைத் தெளிவாக வரைந்து வேறு அச்சு செய்தனர். 1911-ஆம் ஆண்டு ரூபாயை ‘பன்றி ரூபாய்’ என்று இன்றும் சேகரிப்போர் தேடுவது இதனால்தான். ஒரு விலங்கின் மூக்கு நீளத்தால் ஓர் ஆட்சி அச்சை மாற்றியது!

அச்சுச் சாலையின் குறியும் உண்டு. சார்சு ரூபாய்களில் ஆண்டின் பக்கத்தில் தாமரைக்குக் கீழே நுண்புள்ளி ஒன்று இருந்தால் பம்பாய். குறி இல்லையேல் கல்கத்தா. சென்னை அச்சுச் சாலையைத் தேட வேண்டா. அது 1869-இலேயே மூடப்பட்டது.

பழைய வெள்ளி விற்போர் யாவரும் உள்ளத்தில் பதிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், ரூபாயின் வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. செம்பு நாற்பது விழுக்காடு, நிக்கல் ஐந்து, துத்தநாகம் ஐந்து. அவ்வாண்டு முதல் 1945 வரையுள்ள ஆறாம் சார்சு ரூபாய்கள் பாதி வெள்ளி. பின்னர் வந்தவை நிக்கல். 1947-ஆம் ஆண்டின் புலி பொறித்த ரூபாயில் வெள்ளியே இல்லை. எனவே பழைய ரூபாய் ஒன்றில் தேயாதிருப்பின் 10.69 கிராம் தூய வெள்ளி. 1940-க்குப் பின்னுள்ளதில் 5.83 கிராம். கடைக்காரர் சொன்ன ‘பாதி வெள்ளி’ என்பது இரண்டாம் வகைக்கே பொருந்தும். ஆச்சியின் மாலையில் அந்த வகைக் காசு ஒன்றும் இல்லை.

மாலையிலிருந்தவற்றை வரிசைப்படுத்தினோம். 1840 ஒன்று; 1862 இரண்டு; பேரரசிக் காசு நான்கு; எட்வர்டு இரண்டு, 1905, 1907; சார்சு நான்கு, 1912, 1914, 1918, 1920. ஆச்சியின் பேரன் சட்டென்று, ‘‘அப்போ மாலைக்கு நூற்றெண்பது வயசா?’’ என்று கேட்டான். பலரும் செய்யும் பிழை இதுவே. ஒரு கோவையின் வயதைக் கூறுவது அதிலுள்ள மிகப் பழைய காசு அன்று; மிகப் புதிய காசே. 1920-இல் அச்சான காசு கோத்திருக்க, மாலை 1920-க்கு முன் இருந்திருக்க இயலாது. புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த உரோமானியப் பொற்காசுப் புதையலை அறிஞர் ஆய்ந்ததும் இம்முறையாலேயே. அங்கிருந்த 501 காசுகள் அகசுடசு முதல் வெசுபாசியன் வரை நீண்டன. புதைத்த காலத்தைக் கணிக்க வெசுபாசியனே அளவுகோல் ஆனான். அக்காசுகளிற் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருந்தது. நாணயத்தின் மேல் அரசன் இட்ட குறி ஒன்று. கைமாறிய பின் மக்கள் இட்ட குறி மற்றொன்று. இரண்டையும் படிக்க வேண்டும்.

ஆச்சியின் மாலையில் மக்கள் இட்ட குறி வளையமும் பற்றும் ஆகும். 13 ரூபாய்களிலும் ஒரே தடிப்புக் கம்பி, ஒரே கை செய்த பற்று. அரசர் முகம் உட்பக்கமாகவும் பூக்கொடி சூழ்ந்த ஆண்டுப் பக்கம் வெளிப்பக்கமாகவும் தொங்கும்படி வைத்திருந்தார் ஆசாரி. உடலோடு உராய்ந்து உராய்ந்து விக்டோரியாவின் மூக்கும் கன்னமும் வழவழவென்று தேய்ந்திருந்தன. பூக்கொடி கூர்மையாக இருந்தது. ஏகாதிபத்திய எதிர்ப்பென்று இதனைக் கூறிவிட நமக்கும் ஆசைதான்; ஆனால் பூவேலை அழகாக இருந்தது என்பதே போதிய காரணம்.

1918, 1920 ஆகிய காசுகளைப் பற்றி ஒரு செய்தி. முதல் உலகப் போரின் இறுதியில் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு முற்றியது. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டவர் கூட்டம் பெருகியது. அமெரிக்கா 1918-இல் தனிச் சட்டம் இயற்றித் தன் கருவூலத்திலிருந்த வெள்ளி டாலர்களில் 27 கோடிக்கு மேற்பட்டவற்றை உருக்கியது. அவற்றின் பெரும்பகுதியைப் பிரிட்டன் இந்திய ரூபாய்க்காக வாங்கியது. ஆகவே அக்காலத்து ரூபாய்களில் அமெரிக்கச் சுரங்கத்து வெள்ளியும் கலந்தது. போனக்காட்டு லயத்தில் தொங்கிய காசுகளில் எது அவ்வாறு வந்தது என்று பிரித்துக் கூற எவராலும் இயலாது. உருக்கிய வெள்ளிக்கு ஊர் இல்லை.

ஆனால் நடுவில் தொங்கிய ‘சூரியக் காசு’க்கு ஊர் இருந்தது, அது தன் ஊரைத் தானே கூறியது.

அதன் ஒருபுறம் கள்ளிச்செடி மேல் அமர்ந்து பாம்பைக் கவ்விய கழுகு. சுற்றிலும் ‘ரெபுப்ளிகா மெக்சிகானா’ என்ற எழுத்து. மறுபுறம் ஒரு குல்லாய். அதிலிருந்து கதிர்கள் நாற்புறமும் பாய்கின்றன. அது விடுதலையைக் குறிக்கும் குல்லாய். ஆச்சியின் குடும்பம் கதிர்களை மட்டும் கண்டு ஞாயிறு என்று கொண்டது. கதிருக்குக் கீழே வட்டமாக ஓடும் எழுத்துகளில்தான் பொருள் இருக்கிறது. முதலில் எட்டும் ‘ஆர்’ என்ற எழுத்தும்; இது எட்டு ரியால் என்னும் மதிப்பு. அடுத்து ‘இசட்’ பெரிதாகவும் ‘எஸ்’ சிறிதாகவும். இது சகாதேகாசு நகரத்து அச்சுச் சாலை. மெக்சிகோ நகரமாயின் ‘எம்’ மேல் ‘ஓ’ இருந்திருக்கும்; குவானஹுவாதோவாயின் ‘ஜி’யும் ‘ஓ’வும். பின்னர் 1886 என்ற ஆண்டு. அதன்பின் இரண்டு தலைப்பெழுத்துகள். அவை அந்த வெள்ளியை உரைத்துத் தரம் கண்டவருடையவை. அவரே மெக்சிகத்து வண்ணக்கர். தவறு நேர்ந்தால் பொறுப்பேற்கத் தம் எழுத்தைக் காசிலேயே வைத்தார். இறுதியில் ‘பத்து டி.எஸ்., இருபது ஜி.எஸ்.’ என்பது, அதாவது பத்து தினேரோ இருபது கிரானோ. தூய வெள்ளி பன்னிரண்டு தினேரோ. ஒவ்வொரு தினேரோவும் இருபத்து நான்கு கிரானோ. கணக்கிட்டால் ஆயிரத்தில் 902.7 பங்கு வெள்ளி. நம் முன்னோர் பத்தரை மாற்று என்று பொன்னுக்கு உச்ச எண் வைத்தது போல் அவர்கள் பன்னிரண்டு வைத்தனர். 1898 முதல் இப்பழைய குறியை விடுத்து ‘உன் பேசோ’ என்று மதிப்பையும் ‘902.7’ என்று எண்ணையும் வெளிப்படையாகப் பொறித்தனர். ஆதலின் ஆண்டு தேய்ந்து போன காசாயினும் ‘எட்டு ரியால்’ என்றிருந்தால் 1897-க்கு உட்பட்டது, ‘பேசோ’ என்றிருந்தால் பிற்பட்டது என்று பிரித்துவிடலாம். காசின் எடை 27.07 கிராம், அதில் தூய வெள்ளி 24.4 கிராம்.

மெக்சிகத்துக் காசு பொதிய மலைக்கு வந்தது எங்ஙனம்? ஆச்சி சொன்ன பினாங்கு என்ற சொல்லே விடை. மெக்சிகோவின் வெள்ளி டாலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனத்துறைமுகங்கள் தொட்டு மலாயா வரை புழங்கிய பணம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் அதுவே கூலியும் வணிகமும் நடத்திய காசு. 1903-இல் அங்கு தனி டாலர் வெளியிடப்பட்டது; மறு ஆண்டு, 1904-இல், மெக்சிக டாலர் செல்லாக்காசு ஆயிற்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தோட்டத்துக்கும் துறைமுக வேலைக்கும் சென்ற நம்மவர் திரும்புகையில் மடியில் முடிந்து வந்தவற்றுள் இக்காசும் ஒன்று.

இங்கே ஒரு முரண் தோன்றியது. மாலை 1920-க்குப் பிற்பட்டது. ஆச்சியின் தாயார் திருமணம் அதற்குப் பிறகு என்பதில் ஐயமில்லை. ஆனால் தாயாரின் தந்தை பினாங்கிலிருந்து இக்காசைக் கூலியாகப் பெற்றிருந்தால் அது 1904-க்கு முன் நடந்திருக்க வேண்டும். அப்போது அவர் சிறுவர். காசைக் கூர்ந்து பார்த்தோம். அதன் வளையம் மற்றவற்றைப்போல் இல்லை. தடிப்பானது, பற்று பழுப்பேறியது. அதற்கு நேர் எதிர் விளிம்பில் வேறொரு பற்று அராவி நீக்கப்பட்ட தழும்பும் இருந்தது. இக்காசு இம்மாலைக்கு வருமுன் வேறோர் அணியில், இரண்டு புறமும் பிணைப்போடு, நடுமணியாக இருந்தது என்பது இதனால் பெறப்படும். ஆகவே பினாங்கு சென்றவர் தாயாரின் தந்தையல்லர், அவருக்கும் தந்தை எனக் கொள்வதே காலத்துக்கு இசைகிறது. மெக்சிக வெள்ளி இந்தியக் கடைத்தெருவில் வெள்ளியாகவும் விலைபோனதுண்டு. ஆதலின் முடிந்த முடிபென்று கூற மாட்டோம். இதனை ஆச்சியிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, ‘‘பூட்டன்னு எங்க அம்மை சொன்னதை நான் தாத்தான்னு நெனச்சுட்டேன் போல’’ என்றார்.

அரைஞாண் சிறியது. அதன் கொக்கியருகே சிறு வெள்ளிக் காசு ஒன்று, சங்கு முத்திரை, 1112 என்ற எண். பேரன் வாய் பிளந்தான். சோழர் காலம் என்று நினைத்துவிட்டான் போலும்! அது திருவிதாங்கூர்ப் பணம்; எண் கொல்லம் ஆண்டு. கொல்லம் ஆண்டோடு 824-ஐக் கூட்டினால் ஆவணி முதல் மார்கழி நடு வரைக்கும், 825-ஐக் கூட்டினால் எஞ்சிய மாதங்களுக்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1112 என்பது 1936-37. சித்திரைத் திருநாள் மகாராசா ஆண்ட காலம். பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆங்கிலேய ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். இந்த அரைச் சக்கர வேறுபாட்டில் ஆரல்வாய்மொழிக்கு அப்பாலும் இப்பாலும் எத்தனை கணக்குகள் இடறியிருக்கும்! ஆச்சியின் மூத்த அண்ணன் பிறந்தபோது கட்டிய அரைஞாண் அது என்றார். மாலையில் ஆங்கிலேயக் காசு, அரைஞாணில் திருவிதாங்கூர்க் காசு. இரண்டுக்கும் நடுவே எங்கோ அக்குடும்பம் மலை தாண்டியிருக்கிறது. ஆங்கிலேய ரூபாய் திருவிதாங்கூரிலும் வழங்கியதால் இதையும் உறுதிச் சான்றென்று கொள்வதற்கில்லை. ஆனால் அந்தக் குழந்தை பிறந்தது இப்பக்கம் என்பதற்குச் சங்கு சாட்சி நிற்கிறது.

மெக்சிகோ பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் பழைய வெள்ளியைக் குறிகொண்டு காலம் காணும் கலை இன்று அந்நாட்டு அணிகளிலேயே பெரிதும் வளர்ந்துள்ளது. தாசுகோ என்னும் மலையூர் இசுபானியர் காலத்திலிருந்து வெள்ளிச் சுரங்கத்துக்குப் பேர்போனது. அங்கே 1931-இல் வில்லியம் சுப்ராட்லிங் என்ற அமெரிக்கர் பட்டறை ஒன்று தொடங்கினார். கட்டடக்கலை கற்பித்தவர், பழங்குடியினரின் கல்வேலை வடிவங்களை வெள்ளியில் கொணர்ந்தார். அவரிடம் தொழில் பயின்றோர் பலர் தனிப் பட்டறை கண்டனர். 1967-இல் அவர் ஊர்தி விபத்தில் மறைந்தார்.

அப்பட்டறைகளின் அணிகளில் செய்தவரின் தலைப்பெழுத்து, ஊர்ப்பெயர், தரத்தின் எண் ஆகியவை இருக்கும். தொடக்ககாலத்தவற்றில் 980 என்று காண்பதுண்டு. 925 என்பது ஆங்கிலேயரின் ‘இசுடெர்லிங்’ தரம். அமெரிக்கரே வாங்கினர் ஆதலின் ஆங்கிலச் சொல்லும் அதில் ஏறியது. 1948 முதல் மெக்சிக அரசு கழுகு முத்திரையைக் கொணர்ந்தது. கழுகின் மார்பில் ஓர் எண் இருக்கும். மூன்று என்பது தாசுகோவோடு பெரிதும் இணைந்தது. எழுபதுகளின் இறுதியில் கழுகு பறந்துவிட்டது. அதற்குப் பதில் ஊரின் முதலெழுத்து, செய்தவர் பெயரின் முதலெழுத்து, பதிவெண் என்ற வரிசை வந்தது. கழுகு இருந்தால் 1948-க்கும் எழுபதுகளின் இறுதிக்கும் இடைப்பட்டது. எழுத்தும் எண்ணும் இருந்தால் அதற்குப் பிற்பட்டது. இரண்டும் இல்லையேல் வேலைப்பாட்டைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். போலிக் கழுகுகளும் உண்டு. சுப்ராட்லிங் மறைந்த பின்னும் அவர் வடிவங்களும் பெயரும் தொடர்ந்தன. ஆதலால் அவர் எழுத்து இருப்பதாலேயே அவர் கைபட்டது என்று கூறிவிட இயலாது.

கழுகைப் பற்றிய பழங்கதை ஒன்று நம் போன்ற இடம்பெயர்ந்தோர்க்கு இனிக்கும். அசுதெக்கு மக்கள் வடக்கிலிருந்து நெடுங்காலம் அலைந்து வந்தனராம். கள்ளிமேல் அமர்ந்து பாம்பைத் தின்னும் கழுகை எங்கே காண்கிறீர்களோ அங்கே ஊர் அமையுங்கள் என்பது அவர்கள் தெய்வத்தின் கட்டளை. ஏரி நடுவில் அதனைக் கண்டு ஊர் எழுப்பினர். இன்றைய மெக்சிகோ நகரம் அவ்விடமே. ஆச்சியின் தாயார் போனக்காட்டுக்கு ஏறியபோது கழுத்தில் அதே கழுகு இருந்தது. உட்பக்கமாக, யார் கண்ணிலும் படாமல்.

நம் நாட்டில் இத்தகைய குறிமுறை மிகப் பிந்தியது. இலண்டனில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1478 முதல் வழங்கியிருக்க, ஆங்கிலேயர் இந்தியாவில் வெள்ளிக்குக் கட்டாய முத்திரைச் சட்டம் எதுவும் செய்யவில்லை. சென்னை பி. ஆர் அண்டு சன்சு, கச்சு நாட்டு ஊமர்சி மாவ்சி போன்ற பெரும் பட்டறைகள் தம் பெயரைப் பொறித்தன. ஊர் ஆசாரி பொறிக்கவில்லை. வாங்குபவர்க்கு அவரைத் தெரியும்; அதுவே முத்திரை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்கத்துக்கு 2000-இலும் வெள்ளிக்கு 2005-இலும் தர முத்திரை தொடங்கியது. வெள்ளியில் 800, 835, 900, 925, 970, 990 என்ற எண்கள் அவ்வழி வந்தவை. ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதே பொருள். தங்கத்துக்கு 2021-இல் வந்த ஆறு இடம் கொண்ட தனிக்குறி, வெள்ளிக்கு 2025 செப்டம்பர் முதல் விருப்பமுடையோர்க்கு என வந்தது. பழைய கேரளத் தங்கத்தில் ‘கே.டி.எம்.’ என்று கண்டால், அது காட்மியம் கலந்து பற்றவைத்ததன் குறி, தரமுத்திரை அன்று.

ஆச்சியின் கொலுசில் கொக்கிக்கு உள்ளே ஆங்கில எழுத்து இரண்டும் ஓர் எண்ணும் இருந்தன. கடைக்குறியும் தரக்குறியும் ஆம். அச்சில் அடித்த ஒரே அளவுக் கண்ணிகள்; பொறியில் இழுத்த கம்பி. இளைய மகள் திருமணத்துக்கு வாங்கியது என்றார். அதில் ஆராய ஒன்றுமில்லை.

வீட்டில் பழைய வெள்ளி வைத்திருப்போர் சோடா மாவும் எலுமிச்சையும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்கச் செல்கின்றனர். அது கூடாது. கறுப்பு காலத்தின் படிவு. தேய்க்கத் தேய்க்க எழுத்து போகும். குறியுள்ள பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்து உருப்பெருக்கியால் காண்க. பின்னர் எடை போடுக. காந்தத்தை அருகே கொணர்க. மெக்சிக டாலருக்குப் போலிகள் மலிந்துள்ளன. 27 கிராமுக்கு வெகுவாகக் குறைந்தாலோ காந்தம் இழுத்தாலோ போலி. வளையம் வைத்த காசு சேகரிப்போரிடம் பெருவிலை பெறாது; ஆயினும் அதனால் வெள்ளியின் விலை குறைவதில்லை.

நாம் அன்று ஒவ்வொரு காசின் ஆண்டு, அச்சுக்குறி, எடை ஆகியவற்றை ஒரு முழுத்தாளில் எழுதினோம். 13 ரூபாயும் சூரியக் காசும் சேர்த்துத் தேய்மானம் போக 160 கிராமுக்குக் குறையாத தூய வெள்ளி என்று கணக்கிட்டுக் கொடுத்தோம். அந்தத் தாளோடு நண்பர் வேறொரு கடைக்குச் சென்றார். முன்பு கூறியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விலை ஒப்புக்கொள்ளப்பட்டது. புதிய காசுகளை விற்றால் மாலையின் காலத்தைக் காட்டும் சான்று போய்விடும் என்று ஆச்சியிடம் முன்னமே எடுத்துச் சொல்லியிருந்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் போனக்காடு சென்றபோது மாலைக்குப் புதுச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார் ஆச்சி. கொலுசு இல்லை. மாலையில் ரூபாய்கள் ஒன்பதே இருந்தன. ஐந்தாம் சார்சு நான்கும் போயிருந்தன. தேய்வு குறைந்தவை அவையே, எடையும் நிறைந்தவை. இப்போது அந்த மாலையைப் புதிதாகக் காண்பவர் அதன் கடைசிக் காசு 1907 என்று எண்ணி, பதின்மூன்று ஆண்டு முந்தியதாகக் கணிப்பார். ஆச்சிக்கும் அது தெரிந்தே இருந்தது. ‘‘நீங்க சொன்னது நெனவு இருந்துச்சு ஐயா. பெரியவுக காசெ விக்க மனசு வரல. பிள்ளைக்குப் பீசு கட்டணுமே’’ என்றார். பெரியவர்கள் என்று அவர் சொன்னது தேய்ந்த விக்டோரியாக்களை.

பேரன் நம் தாளின் படி ஒன்று வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டான். அரைஞாணும் அந்தத் தாளும் இப்போது ஒரே முடிப்பில் உள்ளன.